கரடி வேட்டையும் முதலாண்டு டிராயிங் வகுப்பும்

(முன்னாள் மாணவர் சந்திப்பின் முற்பகல் அமர்வில் ஆற்றிய உரை)



செயலாளர் அண்ணன் போன மாதம் போன் செய்து, "கனடாவிலிருந்து வர்றே, ஒரு இருபது நிமிஷம் உபயோகமா ஏதாவது பேசுப்பா" என்றார். நான் வேலை பார்ப்பது ஒரு காகிதக்கூழ் ஆலையில். பாய்லர் குழாய்கள் ஏன் தேய்கின்றன என்று பேசலாம்தான். ஆனால் சாப்பாட்டுக்கு முந்திய நேரம், பாதிப் பேர் தூங்கிவிடுவீர்கள். அதனால் கரடி வேட்டையைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். "மேடையேறிக் கரடி விடப் போறியா?" என்று கேட்டார். இல்லை அண்ணே, நான் தப்ப விட்ட ஒரு கரடியைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கரடியை வேட்டையாடுவது குற்றம். நம் மலைகளில் இருக்கிற தேன்கரடி அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. தம்பிகள் யாரும் இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டுக் கோத்தகிரிப் பக்கம் கிளம்பிவிட வேண்டாம். நான் இருப்பது பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், பிரின்ஸ் ஜார்ஜ் என்ற ஊர்ப்பக்கம். அந்த மாகாணத்தில் கருங்கரடிகள் ஒரு லட்சத்துக்கும் மேல் இருப்பதாக மதிப்பீடு. பாடம் படித்து, பரீட்சை எழுதி, லைசன்ஸ் வாங்கி, பருவ காலத்தில் வேட்டையாடலாம். தீனி வைத்துக் கரடியை வரவழைக்கக் கூடாது. குட்டியையும் குட்டியோடு இருக்கும் தாயையும் தொடக் கூடாது. சுட்டால் இறைச்சியை வீட்டுக்குக் கொண்டுவந்தே ஆக வேண்டும், காட்டில் போட்டுவிட்டு வர முடியாது. கிரிஸ்லி என்கிற பெரிய கரடியின் வேட்டையை, பழங்குடி மக்களுக்கான விலக்கு நீங்கலாக, 2017 டிசம்பரிலேயே நிறுத்திவிட்டார்கள்.

நான் எப்படி இதில் போய் விழுந்தேன் என்று என் மனைவியே இன்னும் கேட்கிறாள். எங்கள் ஆலையில் ஒரு மூத்த மில்ரைட் இருந்தார். மில்ரைட் என்றால் மெஷின்களை நிறுத்தி, நிமிர்த்தி, சீர்செய்கிற ஃபிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுபது வயதைத் தாண்டியவர். அதிகம் பேச மாட்டார். அவருடைய ஃப்ரீசரில் கடை இறைச்சியே கிடையாது. ஒருநாள் கரடிக்கறி கொடுத்து அனுப்பினார். அதில் ட்ரைக்கினெல்லா என்ற புழு இருக்கலாம், உள்வரை 74 டிகிரி போக வேண்டும் என்று நான்கு தடவை சொன்னார். நம்மிடம் பிரஷர் குக்கர் இருக்கிறதே, அது 120 டிகிரி! மிளகு தூக்கலாகப் போட்டுச் சுக்கா வறுத்து மறுநாள் அவருக்கே டப்பாவில் கொண்டுபோனேன். அதைச் சாப்பிட்ட பிறகுதான் என்னைக் கூட்டிக்கொண்டு போக ஒத்துக்கொண்டார்.

இப்போது கணக்குக்கு வருவோம். நம்ம ஆட்களிடம் கணக்கு இல்லாமல் பேசினால் மரியாதை இருக்காது.

நான் வைத்திருப்பது 'தேர்ட்டி ஆட் சிக்ஸ்' என்ற ரகத் தோட்டா போடும் ரைஃபிள். 1906-ல் அமெரிக்க ராணுவத்துக்காக வந்த ரகம், இன்றும் வட அமெரிக்காவில் வேட்டைக்காரர்கள் கையில் சாதாரணமாக இருக்கிறது. குண்டின் எடை 11.7 கிராம். குழாயை விட்டுக் கிளம்பும்போது வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 820 மீட்டர். அரை எம் வி ஸ்கொயர் போட்டால் 3,900 ஜூல் வரும். நூறு கிலோ ஆள் நான்கு மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற சக்தி. இதைப் பார்த்துவிட்டு, 'அடேயப்பா, எங்கே பட்டாலும் கரடி காலி' என்றுதான் நானும் நினைத்தேன்.

அங்கேதான் தப்பு. மொமெண்டம் போட்டுப் பாருங்கள். 0.0117 பெருக்கல் 820, வருவது 9.6. இது 150 கிலோ கரடிமேல் மொத்தமாக இறங்கினாலும் அதற்குக் கிடைக்கும் வேகம் விநாடிக்கு ஆறு சென்டிமீட்டர். ஊஞ்சலைக் குழந்தை தள்ளுகிற தள்ளு. சினிமாவில் சுட்டவுடன் ஆள் பறந்துபோய்ச் சுவரில் விழுவதெல்லாம் டைரக்டரின் கைங்கர்யம். நியூட்டனின் மூன்றாம் விதிப்படி அந்த அடி சுட்டவன் தோளுக்கும் வருகிறதே, அவன் பறக்கவில்லையே!

அப்படியென்றால் கரடி எதனால் சாகிறது? மூளைக்கு ரத்தம் போவது நிற்பதால். இதயமோ இரண்டு நுரையீரல்களுமோ கிழிந்தால் ரத்த அழுத்தம் விழுந்து, சில விநாடிகளில் நினைவு போகும். அந்தச் சில விநாடி என்பது பத்தாகவும் இருக்கலாம். கருங்கரடி மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வரை ஓடும். ஆக, மிகச் சரியாகச் சுடப்பட்ட கரடிகூட நூறு மீட்டர் ஓடிவிட்டு விழலாம். சரியாகச் சுடப்படாத கரடி? அதன் மேல்தோலுக்கு அடியில் கொழுப்பு, தோலுக்கு வெளியே அடர்ந்த ரோமம். கொழுப்பு துளையை அடைத்துக்கொள்ளும், ரோமம் ரத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும். மானைத் தொடர்வதுபோல ரத்தச் சுவட்டைப் பிடித்துக்கொண்டு போக முடியாது. வயிற்றில் பட்டால் சாவு வர மணிக்கணக்காகும். சில சமயம் நாள்கணக்கு.

ஆகவே விஷயம் துப்பாக்கியின் பலத்தில் இல்லை, குண்டு போய்ச் சேரும் இடத்தில் இருக்கிறது. டபிள்யூ. டி. எம். பெல் என்று ஒரு ஸ்காட்லாந்துக்காரர் (1880-1954). ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றவர். இன்று அந்த எண்ணிக்கையைப் படிக்கவே கூசுகிறது. மற்றவர்கள் பீரங்கி மாதிரி துப்பாக்கிகளைத் தூக்கிக்கொண்டு அலைந்தபோது அவர் பெரும்பாலும் பயன்படுத்தியது ஏழு மில்லிமீட்டர் சிறு ரைஃபிள். செத்த யானையின் மண்டையை ரம்பத்தால் அறுத்து, மூளை எங்கே இருக்கிறது, எந்தக் கோணத்தில் வழி இருக்கிறது என்று பார்த்துவைத்துக்கொண்டார்.

இன்னொரு கதை எங்கள் பக்கத்து மாகாணமான அல்பர்ட்டாவில் நடந்தது. 1953 மே மாதம், ஸ்லேவ் லேக் அருகே, பெல்லா ட்வின் என்ற க்ரீ பழங்குடிப் பெண்மணி, வயது 63, முயல் பறவை சுடுகிற பாயிண்ட் டுவெண்டிடூ துப்பாக்கியோடு போய்க்கொண்டிருந்தபோது எதிரே ஒரு கிரிஸ்லி வந்துவிட்டது. மிகக் கிட்டத்தில் வந்த கரடியின் தலையின் பக்கவாட்டில் சுட்டார், விழுந்துவிட்டது. அந்த மண்டை அன்றைக்கு உலக சாதனை அளவு. இதைச் சொல்லி, 'சின்னத் துப்பாக்கியே போதும்' என்று வாதாடுகிறவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. அந்த அம்மாள் காட்டிலேயே வாழ்ந்தவர், வேறு வழியில்லாமல் சுட்டவர். பொழுதுபோக்குக்குப் போகிற நாம் தலையைக் குறிவைக்கக் கூடாது. தலை ஆடிக்கொண்டே இருக்கும், மூளை சிறியது, மண்டை சரிவானது, தாடைத் தசை தடிமன்.

பெரியவர் எனக்குச் சொல்லிக் கொடுத்த இடம் வேறு. கரடி பக்கவாட்டாக நிற்க வேண்டும். நம் பக்கத்து முன்னங்கால் முன்னே போயிருக்க வேண்டும், அப்போதுதான் தோள் எலும்பு விலகி விலா தெரியும். தோளை ஒட்டிப் பின்னால், உடம்பின் உயரத்தில் பாதிக்குச் சற்றுக் கீழே. ரோமம் தொங்குவதால் கரடியின் உடம்பு நிஜ அளவைவிடப் பெரிதாகத் தெரியும், அதை நம்பக் கூடாது. மான் என்றால் தோளின் கோடு தெளிவாகத் தெரியும். கருங்கரடி சாயங்கால வெளிச்சத்தில் ஒரே கரிக்கட்டி. எது தோள், எது வயிறு? காத்திருந்து, அது நடக்கும்போது எது எங்கே மடங்குகிறது என்று பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். தெரியவில்லையென்றால் வீட்டுக்குப் போக வேண்டும்.

எல்லாம் தெரிந்துதான் போனேன். 2021 மே மாதம். பனி உருகியதும் பழைய மரம்வெட்டும் பாதைகளின் ஓரத்தில் இளம்புல் முளைக்கும், அதை மேயக் கரடி வரும். அந்த ஊரில் அப்போது இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். நாங்கள் விழுந்து கிடந்த ஒரு மரத்துக்குப் பின்னால் இருந்தோம். 180 மீட்டரில் ஒரு ஆண் கரடி புதரிலிருந்து வெளியே வந்து பாதையைக் குறுக்கே கடந்தது. நின்று மேயவில்லை, நடந்தது. இன்னும் பத்தடியில் அந்தப் பக்கத்துக் காட்டுக்குள் போய்விடும். பெரியவர் "பொறு" என்றார். நான் சுட்டேன்.

அவர் சொன்னது கேட்கவில்லை என்றுதான் அன்றைக்குச் சொன்னேன். கேட்டது. நான்கு வருஷத்துக்கும் மேல் ஆகிறது, இந்த மேடையில்தான் முதல்தடவையாகச் சொல்கிறேன்.

குண்டு பட்ட சத்தம் 'தொப்' என்று திரும்பி வந்தது, தர்பூசணியைத் தட்டினால் வருமே அப்படி. பெரியவர் முகம் மாறிவிட்டது. ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார வைத்தார். உடனே துரத்தினால் அது இன்னும் தூரம் போகும், நம்மேல் திரும்பவும் செய்யும். பிறகு போய்ப் பார்த்தோம். கொஞ்சம் ரோமம். இரண்டு சொட்டு ரத்தம், அதில் அரைபட்ட பச்சைப்புல். வயிறு என்று அதுவே சொல்லிவிட்டது. ஆல்டர் புதருக்குள் இருநூறு மீட்டர், ஒருவர் தரையைப் பார்க்க, ஒருவர் துப்பாக்கியோடு முன்னால் பார்க்க, குனிந்தே போனோம். இருட்டிவிட்டது. மறுநாள் விடியற்காலை இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போனோம். பாசிமேல் அது படுத்திருந்த பள்ளம் கிடைத்தது. ஓரத்தில் கறை. இரவு முழுவதும் அங்கேதான் இருந்திருக்கிறது. அதற்கப்புறம் ஒரு ஓடை, ஓடைக்கு அப்புறம் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் மழை.

பெரியவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். தப்பவிட்டவன் அந்த வருஷம் மறுபடி சுடுவதில்லை என்பது அவர் வீட்டு வழக்கம். நான் ரைஃபிளைத் துடைத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். அன்றிரவு காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டேன். 180 மீட்டரைக் கடக்கக் குண்டுக்குக் கால் விநாடி. நடக்கிற கரடி விநாடிக்கு 1.2 மீட்டர். ஆக, குண்டு போய்ச் சேருவதற்குள் அது 30 சென்டிமீட்டர் முன்னால் போயிருக்கும். நான் குறிவைத்தது நுரையீரல். அதிலிருந்து 30 சென்டிமீட்டர் பின்னால் இருப்பது வயிறு. பிளஸ் டூ கணக்கு இது. வாயால் ஒரு சத்தம் கொடுத்திருந்தால் கரடி நின்று திரும்பிப் பார்த்திருக்கும் என்று பெரியவர் பின்னால் சொன்னார். அதற்குத்தான் பொறு என்றாராம்.

இந்த இடத்தில்தான் நம் டிராயிங் ஹால் ஞாபகம் வந்தது. முதல் வருஷம், பெரிய பலகை, மினி டிராஃப்டர், வேர்வையில் ஒட்டிக்கொள்ளும் ஷீட். எங்கள் சார் ஒவ்வொரு ஷீட்டிலும் எனக்கு மார்க் குறைத்தது ஒரே விஷயத்துக்கு, மறைந்த விளிம்புகளுக்குப் புள்ளிக்கோடு போடாததற்கு. "கண்ணுக்குத் தெரியறதை மட்டும் வரையறதுக்கு போட்டோகிராபர் போதும்டா, நீ எதுக்கு?" என்பார். சார் இன்று முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். சார், உங்களிடம் ஒன்று காட்டத்தான் இதைக் கொண்டுவந்தேன்.

அந்தக் கோடைகாலம் முழுவதும் ஒரு கரடியை வரைந்தேன். முன்தோற்றம், பக்கத்தோற்றம், மேல்தோற்றம். தோள் எலும்பு, விலா, இதயம், இரண்டு நுரையீரல், உதரவிதானம், கல்லீரல், எல்லாம் புள்ளிக்கோட்டில். வரையும்போதுதான் புரிந்தது. குறி என்பது தோலின்மேல் இருக்கிற புள்ளி இல்லை. குண்டு உள்ளே போய், இரண்டு நுரையீரலையும் கடந்து, அந்தப் பக்கம் வெளியேறுகிற ஒரு நேர்கோடு. கரடி கொஞ்சம் அப்பால் திரும்பி நின்றால் நுழைகிற இடம் பின்னால் தள்ளிப் போகும், அதன் மறுபக்கத் தோளைத்தான் மனசில் வைக்க வேண்டும். நம்மைப் பார்த்துத் திரும்பி நின்றால் வழியில் எலும்பு, அப்போது விட்டுவிடுவது உத்தமம். மேல்தோற்றம் போட்டுப் பார்க்காமல் இது எனக்கு உறைக்கவில்லை.

2022 ஜூனில் மறுபடி போனோம். 90 மீட்டரில் ஒரு கரடி, க்ளோவர் மேய்ந்துகொண்டு, முதுகைக் காட்டியபடி. நாற்பது நிமிடம். கொசு என் காதைத் தின்றுவிட்டது. பெரியவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அது திரும்பி, பக்கவாட்டில் நின்று, இடது முன்னங்காலை எடுத்து முன்னே வைத்தது. சுட்டேன். முப்பது தப்படி ஓடி, விழுந்து, ஒருதரம் முனகியது. அந்தச் சத்தத்தை இங்கே செய்து காட்ட மாட்டேன். உரிக்கும்போது இரண்டு நுரையீரலிலும் துளை இருந்ததைப் பெரியவர் விரல் விட்டுக் காட்டினார். சந்தோஷம் என்று சொல்ல முடியாது. போன வருஷத்து ஓடையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வரைபடத்தை அவருக்கு ஒரு பிரதி கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, மேலிருந்து பார்க்கிற படத்தை ஏன் கீழே போட்டிருக்கிறாய் என்று கேட்டார். அங்கே எல்லாம் தேர்ட் ஆங்கிள், நான் நம்ம காலேஜ் வழக்கப்படி ஃபர்ஸ்ட் ஆங்கிளில் வரைந்துவிட்டேன்! இப்போது அவருடைய கராஜில் அது தலைகீழாகத் தொங்குகிறது, அவர் கணக்குக்கு அதுதான் சரி.

அடுத்த வாரம் ஊர் திரும்பியதும் அந்த 'பொறு' விஷயத்தை அவரிடமும் சொல்லிவிடுவதாக இருக்கிறேன். இன்னொரு பிரதி வாசலில் பதிவு மேஜைமேல் இருக்கிறது, பார்க்க விரும்புகிறவர்கள் பார்க்கலாம். சார், புள்ளிக்கோடு எதுவும் விட்டுப்போயிருந்தால் சிவப்பு மையால் சுழித்துக் கொடுங்கள். மெஸ்ஸிலிருந்து சாம்பார் வாசனை வந்துவிட்டது.