காற்றை விட்டு நீங்கிய ஈயம்

 

சென்னைக்கு வடக்கே, தமிழகமும் ஆந்திரமும் பகிர்ந்துகொள்ளும் பழவேற்காடு ஏரி, இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் சிலிக்காவுக்கு அடுத்துப் பெரியது. அதன் கரையூர்களில் மீனவர்கள் ‘பாடு’ என்னும் முறையை வழிவழியாகப் போற்றி வந்துள்ளனர். எந்த நாளில் எவர் எந்த நீர்ப்பரப்பில் வலையிடுவது என்பதை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. ஏரியின் வளத்தை இவ்வாறு பங்கிட்டுக்கொண்ட அவ்வூர்களுக்கு, நகரத்தின் கழிவிலும் ஒரு பங்கு கேளாமலே வந்து சேர்கிறது. அப்பங்கில் ஒன்று ஈயம்.

1921இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜிலி என்பார், ஈயச் சேர்மம் ஒன்றைப் பெட்ரோலில் கலந்தால் எஞ்சினில் எழும் தட்டொலி அடங்கும் என்று கண்டார். அதன்பின் உலகின் நகரங்களிலெல்லாம் ஊர்திப் புகையோடு ஈயத்துகளும் வெளிப்பட்டது. இந்தியாவில் 1994இல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் ஈயம் குறைந்த பெட்ரோலும், 1995இல் ஈயமற்ற பெட்ரோலும் விற்பனைக்கு வந்தன. 2000 பிப்ரவரி முதல் நாடு முழுவதும் ஈயமற்ற பெட்ரோலே வழங்கப்படுகிறது. ஊர்திகளுக்கு ஈயப் பெட்ரோல் விற்பதை இறுதியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா, ஆண்டு 2021.

காற்றைப் பொறுத்தவரை இது பெரிய வெற்றியே. ஆயினும் ஈயம் ஒரு தனிமம். அது மட்குவதில்லை, எரிந்து அழிவதுமில்லை. காற்றிலிருந்து இறங்கியது சாலையோர மண்ணில் தங்கும்; மழைநீரோடு வடிகாலில் இறங்கும்; அங்கிருந்து நீர்வழிகளைச் சேரும். சென்னையூடே செல்லும் பக்கிங்காம் கால்வாய், எண்ணூர்க் கழிமுகத்தைக் கடந்து பழவேற்காடு ஏரியைத் தொடுகிறது. எண்ணூர்ப் பகுதியின் அனல்மின் நிலையச் சாம்பலும் தொழிற்சாலைக் கழிவும் கலப்பது இந்நீர்வழித் தொடரில்தான். ஏரியின் நீரிலும் அடிமண்ணிலும் கடற்பாசியிலும் ஈயம், காட்மியம், குரோமியம் ஆகியவற்றை அளந்த ஆய்வு ஒன்று 2008இல் வெளியாயிற்று. எத்துகள் எப்புகையிலிருந்து வந்தது என்று சேற்றில் எழுதியிருப்பதில்லை. அச்சேற்றில்தான் இருளர் குலப் பெண்கள் கையால் தடவி இறால் பிடிக்கின்றனர். மீனவச் சிறார் விளையாடுகின்றனர்.

ஈயத்தால் முதலில் துன்புறுவோர் குழந்தைகளே. விழுங்கிய ஈயத்தைப் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு மிகுதியாக அவர்கள் உடல் ஈர்த்துக்கொள்ளும். அது மூளை வளர்ச்சியைக் குலைத்துக் கற்கும் திறனைக் குறைக்கும். தாயின் எலும்பில் பல்லாண்டு உறைந்திருந்த ஈயம், கருவுற்ற காலத்தில் வெளிப்பட்டுச் சிசுவையும் அடையும். சென்னையில் 3 முதல் 7 வயது வரையுள்ள 756 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 2009இல் வெளிவந்தது. அவர்தம் குருதியில் ஈயத்தின் சராசரி அளவு டெசிலிட்டருக்கு 11.4 மைக்ரோகிராம். 5 மைக்ரோகிராமை எட்டினாலே காரணத்தைக் கண்டு நீக்கவேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதல். கேடில்லாத அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்றும் அந்நிறுவனம் கூறுகிறது.

பெட்ரோலை விட்டு நீங்கிய ஈயம் இல்லங்களை விட்டு நீங்கவில்லை. இன்வெர்ட்டர் பேட்டரியிலும் பழைய வண்ணப்பூச்சிலும் அது உள்ளது. வலையை நீரில் ஆழ்த்தும் ஈயக் குண்டுகளும் அதனால் ஆனவையே. பழைய ஈயத்தை வீட்டருகே உருக்கி வார்த்தால், அப்புகையும் துகளும் அவ்வீட்டுக் குழந்தையையே முதலில் சேரும்.

செய்யத்தக்கவை எளியன. தேய்ந்த பேட்டரியைப் பழைய இரும்புக் கடையில் போடாமல், விற்பனையாளரிடமே திருப்பித் தருதல் வேண்டும். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகள், அதைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது வைத்துள்ளன. பழைய வண்ணப்பூச்சை உலர்வாகச் சுரண்டாது நனைத்து நீக்குதல் நலம். வீட்டுத் தூசியை ஈரத்துணியால் துடைத்தல், உண்ணுமுன் குழந்தைகளின் கையைக் கழுவுவித்தல் ஆகியன நாள்தோறும் இயல்வன. இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்த உடல் ஈயத்தை மிகுதியாக ஏற்கும். ஆதலால் கேழ்வரகும் கீரையும் பாலும் சிறார் உணவில் குறையாதிருத்தல் நன்று. மீனவ ஊர்களில் ஈயம் உருக்குவதை வீட்டையும் குழந்தைகளையும் விட்டு விலக்குதல் இன்றியமையாதது.

சென்னையில் ஒருவர் வீசியெறியும் பேட்டரி யாருடைய குழந்தையை அடையும் என்பதை அவர் அறியார். அறியாமல் விளைந்தாலும் தீங்கு தீங்கே. பிறர் உண்ணும் நீர்வளத்தில் நஞ்சு சேராது காப்பது, பழவேற்காட்டுச் சிறாருக்கு நகரம் செலுத்த வேண்டிய கடன்.