சட்டப் புத்தகத்தில் ஏறிய அநீதி



பிரிக்பீல்ட்ஸில் கூடியுள்ள இவ்வாராய்ச்சி மாநாட்டுக்குத் தலைமை வகிக்கும் பொறுப்பை எனக்களித்தமைக்கு நன்றி. சர்வாதிகாரம் என்றதும் நம் நினைவு ஜெர்மனிக்கே ஓடுகிறது. 1933 மார்ச் 23-ல் சட்டமியற்றும் அதிகாரத்தை மந்திரிசபையிடமே ஒப்படைத்து, இரண்டே வாரத்தில் யூத உத்தியோகஸ்தர்களை அரசுப் பணியிலிருந்து நீக்கவும், 1935-ல் நியூரம்பெர்க் சட்டங்களால் அவர்களது பிரஜாவுரிமையைப் பறிக்கவும் துணிந்த ஆட்சி, இவ்வடிகளையெல்லாம் கெஜட்டில் பதிந்துகொண்டே வைத்தது. ஆனால் ஜனங்களின் சம்மதம் கேளாத ஆட்சி சட்டத்தை ஆயுதமாக்கும் விதத்தை அறிய அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. பிரிட்டிஷார் ஆண்ட மலாயாவின் கிள்ளான் வரை போனால் போதும்.

சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி வேண்டும், கள்ளுக்கடைகளை மூடவேண்டும், தோட்டத் துரையையோ குமாஸ்தாவான கிராணியையோ வழியில் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழியவேண்டும் என்று 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்த தமிழர்களின் தலைவர்களுள் ஒருவரும், ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் பணியாற்றியவருமான ஆர்.எச். நாதன், எந்த நியாயஸ்தலத்திலும் குற்றம் நிரூபிக்கப்படாமலே மே மாதத்தில் கைதாகி, இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். நாடுகடத்துவதற்கு வழக்கு வேண்டியிருக்கவில்லை. உத்தரவு ஒன்றே போதுமாயிருந்தது. அக்கைதை எதிர்த்து ஜனங்கள் திரண்டபோது, மே 16-ல் சிலாங்கூரில் அவசரகாலம் பிரகடனமாயிற்று, துருப்புகள் வந்தன, தொழிலாளர் ஐவர் மாண்டனர். சைக்கிளைவிட்டு இறங்கமாட்டேன் என்று சொன்ன ஏழைத் தொழிலாளியை அடக்க ஒரு சாம்ராஜ்யம் இத்தனையும் செய்தது என்பதைப் படிக்குந்தோறும் என் மனம் ஆறுவதில்லை.

போருக்குப் பின்னும் இதே முறை தொடர்ந்தது. 1948 ஜூனில் தொழிற்சங்கச் சட்டம் முதலில் திருத்தப்பட்டது. மலாயா முழுவதற்குமான அவசரகாலம் சில நாட்களிலேயே பின்தொடர்ந்தது. அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் முன்னாள் தலைவர் எஸ்.ஏ. கணபதி, கைத்துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4-ல் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். இதே சிலாங்கூரின் பத்தாங் காலியில், 1948 டிசம்பரில் நிராயுதபாணிகளான 24 சீனக் கிராமவாசிகளைப் பிரிட்டிஷ் துருப்புகள் சுட்டுக்கொன்றபின், தப்பியோடுவோரைச் சுடலாம் என்றும், முன்னர் அவ்வாறு செய்ததும் செல்லும் என்றும் அடுத்த ஜனவரியில் அவசரகால விதிகளில் ஒரு விதி சேர்க்கப்பட்டது. கொலை முந்தி, அனுமதி பிந்தி வந்த இவ்விதி ஒன்றே தனிக்கட்டுரைக்கு உரியது என்பது என் அபிப்பிராயம்.

அவசரகாலம் 1960 ஜூலை 31-ல் முடிந்தது. விசாரணையின்றி அடைத்துவைக்கும் அதிகாரமோ, அவ்வாண்டின் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் குடியேறியது; அச்சட்டம் சுதந்திர நாட்டில் 2012 வரை நிலைத்தது. 2007 டிசம்பரில் இந்து உரிமைகளுக்காகப் போராடிய இண்ட்ராஃப் இயக்கத்தின் தலைவர்கள் ஐவர் கமுந்திங் தடுப்பு முகாமுக்குச் சென்றதும் அதன்கீழ்தான்.

ஆகவே கட்டுரை வாசிக்க வந்துள்ளோரிடம் ஒரு வேண்டுகோள். ஒரு சட்டத்தை ஆராயும்போது, அதன் முகவுரை கூறும் நோக்கத்தோடு நின்றுவிடாமல், கைதானவன் நீதிபதியின் முன் நின்று பேசுவதற்கிருந்த வழி எந்த நாளில், எவர் கையொப்பத்தால் அடைபட்டது என்பதையும் எடுத்துக்காட்டுங்கள். முதற்கட்டுரையை வாசிக்குமாறு இப்போது அழைக்கிறேன்.