அவளுக்கு யார் மிஸி?



இன்று மே 12. உலகத் தாதியர் தினம். வாசகர் வட்டத்துப் பிள்ளைகள் இந்த நாளில், ஓய்வுபெற்ற ஒரு மிஸியை, அதாவது தாதியை, கூட்டிவந்து ஒலிவாங்கியைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். இலக்கியக் கூட்டத்தில் தாதிக்கு என்ன வேலை என்று யாராவது நினைத்தால் அதில் தப்பில்லை. ஆனால் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும் என்பதுதான் உங்களுடைய கேள்வி. எங்களுடைய கேள்வியும் அதுதான். நீங்கள் அதைக் கதையில் எழுதுகிறீர்கள். நாங்கள் நோயாளியின் கட்டில் அட்டையில் எழுதுகிறோம்.

இந்த நாளுக்குக் காரணமான புளோரன்ஸ் நைட்டிங்கேல் 1820ஆம் ஆண்டு பிறந்தவர். விளக்கேந்திய சீமாட்டி என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். விளக்கு எல்லோருக்கும் தெரியும். சாக்கடை யாருக்கும் தெரியாது. 1854இல் கிரிமியப் போர்க்காலத்தில், துருக்கியில் இருந்த ஸ்கூட்டாரி இராணுவ ஆஸ்பத்திரிக்கு அவர் போனபோது, சிப்பாய்கள் காயத்தால் செத்ததைவிட வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் செத்தது அதிகம். கட்டடத்துக்கு அடியிலே கழிவு தேங்கிக் கிடந்தது. அடுத்த வருடம் சுகாதார ஆணைக்குழு வந்து சாக்கடையைத் துப்புரவு செய்து, காற்று வர வழி செய்த பிறகுதான் சாவு மளமளவென்று குறைந்தது. அந்தப் பாடத்தை அவர் வாழ்நாள் முழுக்க மறக்கவில்லை. பிறகு அவர் எழுதிய தாதியம் பற்றிய சிறு புத்தகம் ஆஸ்பத்திரித் தாதியருக்காக எழுதியது அல்ல. வீட்டிலே பிள்ளையையோ கிழவரையோ பார்த்துக்கொள்ளும் சாதாரணப் பெண்களுக்காக எழுதியது. சுத்தமான காற்று, சுத்தமான தண்ணீர், வடிகால், துப்புரவு, வெளிச்சம். இந்த ஐந்தும் இல்லாத வீடு நோயைக் கூப்பிடும் வீடு என்றார்.

அவருக்குப் பின்னால் அமெரிக்காவில் வேர்ஜீனியா ஹென்டர்சன் என்று ஒரு தாதி வந்தார். 1897இல் பிறந்து 98 வயதுவரை வாழ்ந்தவர். அவருடைய சிறுநூலை 1960இல் சர்வதேசத் தாதியர் பேரவை வெளியிட்டது. உலகம் முழுக்கத் தாதியப் பிள்ளைகள் அதைப் படித்தார்கள். நாங்களும் படித்தோம். மனிதனுடைய அடிப்படைத் தேவைகள் 14 என்று அவர் வகுத்தார். மூச்சு விடுதல், உண்ணுதல், கழித்தல், அசைதல், உறங்குதல், உடுத்துதல், உடம்புச் சூடு, சுத்தம், ஆபத்திலிருந்து பாதுகாப்பு, மனதில் உள்ளதைச் சொல்லுதல், வழிபாடு, வேலை, விளையாட்டு, கற்றல். இவற்றில் எதை ஒருவரால் தானாகச் செய்துகொள்ள முடியவில்லையோ அதைச் செய்துகொடுப்பதும், சீக்கிரமே அவர் தானாகச் செய்துகொள்ளும்படி ஆக்குவதும்தான் தாதியின் வேலை. பாருங்கள், இந்தப் பட்டியலில் ஊசியும் இல்லை, குளிசையும் இல்லை.

இந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு நம்முடைய தேயிலைத் தோட்டத்து லயத்துக்குப் போவோம். 10 அடிக்கு 12 அடிக் காம்பரா. காலை நாலரை மணி. முதலில் எழும்புவது யார்? சொல்லத் தேவையில்லை. விறகு நனைந்திருக்கிறது; ஊதி ஊதி அடுப்பு மூட்டுகிறாள். புகை போக வழியில்லை. முதல் தேவையான மூச்சு அங்கேயே முடிந்தது. பீலிக்குப் போய்த் தண்ணீர் பிடிக்கிறாள். கோதுமை மா பிசைந்து ரொட்டி சுட்டு, சம்பல் இடித்து, புருஷனுக்கு, பிள்ளைகளுக்கு, மாமியாருக்குக் கொடுத்துவிட்டு, மிச்சமுள்ள அரை ரொட்டியை சாயத்தண்ணியில் நனைத்து நின்றபடியே விழுங்குகிறாள். கைப்பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுப் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்கு ஓடுகிறாள். பிறகு மலையில் நாள் முழுக்க முதுகில் கூடை, காலில் அட்டை. அங்கே மலசலகூடம் இல்லை. அதனால் அவள் என்ன செய்கிறாள்? தண்ணீரே குடிப்பதில்லை. குடித்தால் போக வேண்டுமே! பின்னேரம் கிளினிக்குக்கு வந்து, "சுடுதண்ணி மாதிரி எரியுது மிஸி" என்று காதோடு சொல்கிறாள். நாங்கள் மருந்து கொடுப்போம். ஐந்து நாளில் எரிச்சல் போகும். அடுத்த மாதம் திரும்ப வருவாள். ஏனென்றால் எரிச்சல் மாறியது, மலை மாறவில்லை.

இரத்தச் சோகைக்கும் இதே கதைதான். கர்ப்பிணித் தாய்மாருக்கு இரும்புச்சத்துக் குளிசை இலவசமாகக் கொடுக்கிறோம். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், பழைய பிஸ்கட் டின்னுக்குள் பத்திரிகைக் கடதாசியில் மடித்துப் பத்திரமாக இருக்கும். திட்டினால் பயனில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் சொல்வாள்: "வயிறு குமட்டுது மிஸி. வெளிய கறுப்பா போகுது, பயமா இருக்கு." கறுப்பாகப் போவதில் பயமில்லை என்று சொல்லி, இராச் சாப்பாட்டுக்குப் பிறகு தேசிக்காய்த் தண்ணியோடு குடிக்கச் சொன்னால் குடிப்பாள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாப்பாட்டோடு சேர்த்துத் தேத்தண்ணி குடித்தால், தேயிலையின் சாயம் உணவில் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. உலகத்துக்கெல்லாம் தேயிலை பறித்துக் கொடுக்கிற கைக்கு அந்தத் தேயிலையே எதிரியாகிறது. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். இந்த மாற்றத்துக்கு ஒரு சதம் செலவில்லை.

அன்பானவர்களே, மருந்தைக் கொடுத்துவிட்டுத் தேவையை மறந்தால் என்ன ஆகும் என்பதை நம் தோட்டங்கள் நூறு வருடத்துக்கு முன்பே உலகத்துக்குக் காட்டிவிட்டன. கொக்கிப்புழு என்று ஒரு புழு. மண்ணிலிருந்து வெறுங்கால் தோலைத் துளைத்து ஏறி, குடலில் கடித்துத் தொங்கி இரத்தம் உறிஞ்சும். ஆள் வெளிறி, மூச்சு வாங்கி, மலையேற முடியாமல் விழுவார். பார்க்கிறவர்கள் சோம்பேறி என்பார்கள். 1916ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிறுவனம் இந்தப் புழுவை ஒழிக்க மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் வேலை தொடங்கியது. ஆயிரக்கணக்கானவர்களுக்குப் புழு மருந்து கொடுத்தார்கள். புழு வெளியேறியது. ஆட்களுக்குத் தெம்பு வந்தது. தோட்டத்துரைமாருக்குச் சந்தோஷம், வேலை நடந்தது. ஆனால் கக்கூஸ் கட்டுங்கள் என்று சொன்னபோது பலர் கையை விரித்தார்கள். மருந்துக்குச் செலவு கொஞ்சம். கக்கூஸுக்குச் செலவு அதிகம். விளைவு என்ன? மருந்து குடித்த அதே ஆள், அதே மண்ணில், அதே வெறுங்காலோடு நடந்தார். புழு மறுபடி ஏறியது.

அந்தத் தோல்விதான் இந்த நாட்டுக்கு ஒரு நல்ல காரியத்தைச் செய்தது. நோயைத் துரத்திக்கொண்டு ஓடுவதில் பயனில்லை, குடும்பத்தைத் தேடிப் போக வேண்டும் என்ற புத்தி வந்தது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. ஒரு சுகாதார வைத்திய அதிகாரி, அவருக்குக் கீழே தாதி, பரிசோதகர், வீடு வீடாகப் போகும் மருத்துவிச்சி. இன்று கர்ப்பிணியைப் பதிவு செய்து, பிள்ளையை நிறுத்துப் பார்த்து, தடுப்பூசிக்கு நாள் குறிக்கிற நம்முடைய குடும்பநல உத்தியோகத்தரின் வேர் அங்கேதான் இருக்கிறது. பிரசவத்தில் தாய்மார் சாவது இந்தப் பிராந்தியத்திலேயே மிகக் குறைவாக உள்ள நாடுகளில் இலங்கையும் ஒன்று என்று உலகம் புகழ்வது இந்த அம்மாமார் நடந்த நடையால்தான்.

ஆனால் அந்தச் சேவை நம் தோட்டத்து வாசலுக்கு நெடுங்காலம் வரவில்லை. 1872இலேயே தோட்டத் தொழிலாளருக்கு வைத்திய வசதி செய்ய வேண்டும் என்று சட்டம் வந்ததுதான். ஆனால் அதன்படி தோட்டத்து ஆளின் உடம்பு தோட்டத்தின் பொறுப்பு. கிராமத்துக்கு அரசாங்கம், தோட்டத்துக்குத் துரை என்று பாதை இரண்டாகப் பிரிந்தது. 1948இல் குடியுரிமையும் பறிபோன பிறகு, அரசாங்கத்திடம் போய்க் கேட்கிற வாயும் அடைபட்டது. 70களில் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் கம்பெனிகளின் கைக்குப் போய், தோட்ட ஆஸ்பத்திரிகளில் சிலவற்றை அரசாங்கம் எடுத்து, சிலவற்றை எடுக்காமல் விட்டு, இன்றுவரை அந்த இரண்டு பாதையும் முழுதாக ஒன்று சேரவில்லை.

இதன் கணக்கு பிள்ளைகளின் உயரத்தில் தெரிகிறது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2016இல் நடத்திய ஆய்வில், 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப் பகுதியில் நூற்றுக்கு 32 பேர். ஏறக்குறைய இரண்டு மடங்கு! நம் பிள்ளைகள் பிறவியிலேயே குள்ளம் என்று சொல்பவர்கள் உண்டு. நம்பாதீர்கள். தாய்க்கு இரத்தமில்லை, அதனால் பிள்ளை நிறை குறைவாகப் பிறக்கிறது. தாய் 84 நாள் லீவு முடிந்ததும் மலைக்குப் போகிறாள், பால் குறைகிறது. பிள்ளைக்கென்று கொடுக்கிற திரிபோஷா சத்துமாவை ஐந்து பேர் பங்கு போட்டுச் சாப்பிடுகிறார்கள். அண்ணனும் அக்காவும் பசியோடு பார்த்துக்கொண்டிருக்கும்போது கைப்பிள்ளைக்கு மட்டும் ஊட்ட எந்தத் தாய்க்கு மனம் வரும்? அந்தப் பிள்ளை வளராமல் நின்ற ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் தாயின் தட்டில் தொடங்குகிறது.

நான் இன்று சொல்ல வந்தது இந்த ஒரே விஷயம்தான். காய்ச்சல் வந்தால் இரவெல்லாம் விழித்து நெற்றியில் துணி நனைத்துப் போடுவது அவள். மாமனாருக்குப் பாரிசவாதம் வந்தால் புரட்டிப் படுக்க வைப்பது அவள். குடித்துவிட்டு வந்தவருக்குச் சோறு எடுத்து வைப்பதும் அவள்தான். அண்ணன்மார் கோபிக்கக் கூடாது. சம்பளமில்லாத, லீவில்லாத, சீருடையில்லாத தாதி அவள். எல்லோருடைய 14 தேவைகளையும் அவள் பார்க்கிறாள். அவளுடைய 14ஐ யார் பார்ப்பது? அவளுக்கு யார் மிஸி? அவளுடைய மூச்சும் சாப்பாடும் தூக்கமும் சரியானால் வீடு சரியாகும். அவள் விழுந்தால் அந்தக் காம்பராவில் உள்ள அத்தனை பேரும் விழுவார்கள்.

ஆகவே மூன்று பேரிடம் மூன்று கேட்கிறேன்.

வீட்டு ஆண்களிடம்: அவள் கடைசியாகச் சாப்பிடும் வழக்கத்தை இன்று இரவோடு நிறுத்துங்கள். எல்லோரும் சேர்ந்து உட்காருங்கள், இருப்பதைச் சமமாகப் பகிருங்கள். பீலித் தண்ணியை நீங்கள் எடுத்து வாருங்கள். கொதிக்க வைத்துக் குடியுங்கள். கிளினிக் நாளில் அவளோடு நீங்களும் வாருங்கள்.

தோட்ட நிர்வாகங்களிடமும் தொழிற்சங்கத் தலைவர்மாரிடமும்: நம்முடைய இறம்பொடை அருவி 109 மீற்றர் உயரத்திலிருந்து விழுகிறது. உலகமே வந்து படம் எடுக்கிறது. அந்த அருவிக்குப் பக்கத்து மலையில் வேலை செய்யும் பெண்ணுக்குக் கை கழுவத் தண்ணீரும் மறைவாக ஒரு மலசலகூடமும் கேட்பது பேராசையா? சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் சம்பளத்துக்குப் பக்கத்திலேயே இதையும் எழுதி வையுங்கள். 2025 நவம்பரில், டித்வா புயலில் இந்த மலைநாடு சரிந்ததைப் பார்த்தோம். பாதுகாப்பும் ஒரு அடிப்படைத் தேவை. சரிவில் லயத்தை நிறுத்தி வைத்துவிட்டுக் கீழே ஆஸ்பத்திரி கட்டி என்ன பயன்? பாதுகாப்பான காணியும் வீடும் சுகாதார அமைச்சு எழுத வேண்டிய மருந்துச் சீட்டில் முதல் மருந்து.

மூன்றாவது, இங்கே உள்ள ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும். மனதில் உள்ளதைச் சொல்வது அந்தப் பட்டியலில் பத்தாவது தேவை. வாட்டில் படுத்திருக்கும் நம் அக்காவுக்கு எங்கே வலிக்கிறது என்று தன் மொழியில் சொல்ல முடியவில்லை. கேட்கிற மிஸி நல்லவர்தான். ஆனால் அவருக்குத் தமிழ் தெரியாது. பெண்ணுக்குரிய வருத்தத்தைப் பக்கத்துக் கட்டிலில் இருப்பவரை மொழிபெயர்க்கச் சொல்லி எப்படிச் சொல்வது? சொல்லாமலே வீட்டுக்கு வந்துவிடுகிறாள். இதற்கு நம்மிலிருந்தே தாதியர் வர வேண்டும். அரசாங்கத் தாதியர் கல்லூரிக்குப் போக, பொதுவாக உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்திருக்க வேண்டும். நம் தோட்டத்துப் பள்ளிக்கூடங்களில் விஞ்ஞானப் பிரிவு இருப்பது எத்தனையில்? கெட்டிக்காரப் பிள்ளைகள்கூட ஆய்வுகூடம் இல்லை, ஆசிரியர் இல்லை என்று கலைப்பிரிவுக்குப் போகிறார்கள். கலைப்பிரிவு குறைந்தது என்று சொல்லவில்லை. தெரிவு செய்ய வழியில்லாமல் போவதுதான் குறை. ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஒரு உயிரியல் ஆசிரியர் வந்தால், பத்து வருடத்தில் ஒரு வாட்டுக்குத் தமிழ் பேசும் மிஸி வருவார். ஆசிரியர் நியமனம் கேட்டு நீங்கள் எழுதுகிற கடிதமும் ஒரு சுகாதாரக் கோரிக்கைதான்.

என் பேச்சை முடிக்கிறேன். சாதாரணதரம் எழுதிவிட்டு, அடுத்து என்ன படிப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் சிலர் இங்கே இருப்பதாகச் சொன்னார்கள். கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். என்ன பாடம் எடுக்க வேண்டும், விண்ணப்பத்துக்கு வர்த்தமானியை எங்கே பார்க்க வேண்டும், எந்தப் பக்கத்துப் பாடசாலையில் இடம் கேட்கலாம் என்று ஒவ்வொருவருக்கும் எழுதித் தருகிறேன். வரும்போது உங்கள் அம்மாவையும் கூட்டி வாருங்கள். அவரிடம் நான் முதலில் கேட்கப்போவது, "இன்றைக்கு என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள்?" என்பதுதான். உண்மையைச் சொல்லச் சொல்லுங்கள்.