உரிமை இருந்தும் வாராதவர்கள்

குறைந்தபட்ச வருமானத் திட்டங்கள் பற்றிய கருத்தரங்கில் ஆற்றிய தலைமை உரை



 இக்கருத்தரங்கின் இரண்டு நாட்களிலும் வாசிக்கப்பட இருக்கும் கட்டுரைகள் பலவற்றை முன்கூட்டியே படிக்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. அவற்றில் உள்ள புள்ளிவிவரங்களின் செழுமை போற்றத்தக்கது. எனினும், வறியவர்களுக்கென்று ஒரு சர்க்கார் ஏற்படுத்தும் குறைந்தபட்ச வருமானத்தை மதிப்பிட வரும்போது, எத்தனை குடும்பங்களுக்கு எவ்வளவு தொகை சென்றது என்ற கணக்கோடு நாம் திருப்தியடைந்து விடுகிறோம் என்பதும், அதைப் பெறுவதற்குச் சகல நியாயமும் உடையவராக இருந்தும் பெறாமலே போனவர் எத்தனை பேர், அவர்கள் ஏன் வரவில்லை என்ற கேள்வி கட்டுரையின் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளப்படுகிறது என்பதும் என் மனத்தை உறுத்தின. அக்கேள்வியே முதலில் கேட்கப்பட வேண்டியது என்பது என் உறுதியான அபிப்பிராயம். அதை விளக்கப் பிரான்ஸ் தேசத்தின் அனுபவத்தை எடுத்துக்கொள்கிறேன். அங்கே இவ்விஷயம் தத்துவ விசாரமாகத் தோன்றி, சட்டமாக வடிவெடுத்து, ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் நடைமுறையில் உழன்று, தன் வெற்றியையும் தோல்வியையும் அத்தேசத்துப் புள்ளிவிவர இலாகாக்களின் வாயிலாகவே வெளிப்படுத்தியிருக்கிறது.

பிரான்ஸுக்குப் போகுமுன், இத்துறையில் யார் பேச எழுந்தாலும் குறுக்கே வந்து நிற்கும் ஒரு பழைய அச்சத்துக்கு விடை சொல்லியாக வேண்டும். 1795ஆம் ஆண்டு மே மாதத்தில், இங்கிலாந்தின் பெர்க்‌ஷயர் பகுதி மாஜிஸ்திரேட்டுகள் ஸ்பீன்ஹாம்லாந்தில் கூடி, ரொட்டியின் விலையையே அளவுகோலாக வைத்து, காலன் ரொட்டி ஒரு ஷில்லிங் விற்கும் நாளில் உழைப்பாளி ஒருவனுக்கு வாரம் 3 ஷில்லிங்கும், அவன் மனைவிக்கும் குடும்பத்தில் மற்ற ஒவ்வொருவருக்கும் ஒன்றரை ஷில்லிங்கும் கிடைக்கும்படி, கூலியில் உள்ள குறைவை ஊர் வரியிலிருந்து நிரப்புவதென்று முடிவு செய்தார்கள். இதனால் உழைப்பாளி சோம்பேறியானான், முதலாளி கூலியைக் குறைத்தான், நாடு கெட்டது என்று நாஸோ சீனியரும் எட்வின் சாட்விக்கும் முன்னின்று எழுதிய கமிஷன் அறிக்கை முழங்கிற்று. அதன் விளைவாக 1834ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. உதவி வேண்டுவோர் தம் வீட்டைத் துறந்து, குடும்பத்தைப் பிரிந்து, சிறைக்கு நிகரான உழைப்பு விடுதிக்குள் நுழைய வேண்டியதாயிற்று. அந்த அறிக்கையின் ஆதாரங்களை 1963இல் மறுபரிசீலனை செய்த மார்க் பிளாக் என்ற பொருளியல் அறிஞர், கூலி தாழ்ந்து வேலை அருகிய இடங்களில்தான் அந்த உதவி பரவியது என்றும், நோயின் விளைவையே நோயின் காரணமாகக் கமிஷன் கருதிவிட்டது என்றும் எடுத்துக் காட்டினார். நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகச் செலாவணியில் இருந்த ஒரு முடிவு, அவ்வளவு பலவீனமான அஸ்திவாரத்தின்மேல் நின்றது என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும். ஏழையின் ஒழுக்கத்தைப் பற்றிய சந்தேகத்துக்குச் சாட்சியம் கேட்கும் வழக்கம் எந்த நாட்டிலும் அதிகமாக இருந்ததில்லை.

பிரெஞ்சுப் புரட்சிக் காலத்து 1793ஆம் ஆண்டு உரிமைப் பிரகடனம், வறியோர்க்கு உதவுவதைச் சமூகத்தின் புனிதமான கடன் என்று கூறிற்று. அது நடைமுறைக்கு வரவில்லை. 1946ஆம் ஆண்டு அரசியல் சாசனத்தின் முகவுரையோ, வயதாலோ உடல் மன நிலையாலோ பொருளாதார நிலைமையாலோ உழைக்க இயலாத ஒவ்வொருவருக்கும் ஜீவனோபாயத்துக்குத் தக்க வழியைச் சமூகத்தினிடமிருந்து பெறும் உரிமை உண்டென்று விதித்தது. விதித்ததேயன்றி, அவ்வுரிமையைக் கையில் எடுத்துக் கொடுக்க ஒரு காரியாலயம் ஏற்பட மேலும் நாற்பத்திரண்டு ஆண்டுகள் பிடித்தன. இடைக்காலத்தில் பெஸான்ஸோன் போன்ற சில நகரசபைகள் தம் எல்லைக்குள் குறைந்தபட்ச வருமானத்தைச் சோதித்துப் பார்த்தன என்பதைச் சொல்லி மேலே செல்கிறேன்.

இந்த இடத்தில் ஒரு மனிதரைப் பற்றிச் சிறிது விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். ழோசெஃப் விரெசின்ஸ்கி 1917இல் ஆன்ழே நகரத்தில், போலந்துத் தகப்பனாருக்கும் ஸ்பானியத் தாயாருக்கும் பிறந்து, பசியையும் அவமானத்தையும் பால்யத்திலேயே அறிந்து, பின்னர்க் கத்தோலிக்கக் குருவானவர். பாரிஸுக்கு அருகே நுவாஸி-லெ-கிரான் என்ற இடத்தில், வீடற்ற குடும்பங்கள் கூண்டுகளில் அடைந்து கிடந்த முகாமுக்கு 1956இல் வந்த அவர், மறு ஆண்டு அக்குடும்பங்களோடு சேர்ந்து ஒரு சங்கத்தை நிறுவினார். அன்றாடம் தர்ம சிந்தனையுடையோர் கொண்டுவந்து ஊற்றிய கஞ்சியை வேண்டாமென்று மறுத்து, அங்கே நூல்நிலையத்தையும் குழந்தைப் பள்ளியையும் அவர் அமைத்தது அந்நாளில் பலருக்குக் கொடுமையாகவே தோன்றியது. பசித்தவனிடமிருந்து உணவை விலக்குவது தர்மமா என்று கேட்டவர்கள் உண்டு. தினந்தோறும் வரிசையில் நின்று பாத்திரத்தை நீட்டும் தகப்பனைப் பார்த்து வளரும் பிள்ளை எதை இழக்கிறது என்பதைத் தாமே அனுபவித்தவராதலால், அவரால் அப்படிச் செய்ய முடிந்தது. பிற்காலத்தில் பிரான்ஸின் பொருளாதார சமூக ஆலோசனை சபையில் அங்கத்தினராகி, அச்சபையின் சார்பில் 1987 பிப்ரவரியில் அவர் வெளியிட்ட அறிக்கை, வறுமையைப் பணக் குறைவு என்று மட்டும் வரையறுக்கவில்லை. வேலை, வீடு, கல்வி, ஆரோக்கியம் ஆகிய பாதுகாப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக நழுவி, நழுவிய நிலை நீடித்து, தம் உரிமைகளைத் தம் முயற்சியால் மீட்டுக்கொள்ளும் சக்தியையே மனிதர் இழந்துவிடும்போது கொடிய வறுமை ஏற்படுகிறது என்று அது விளக்கிற்று. வருமானம் மட்டும் தந்து மற்றவற்றை விட்டுவிட்டால் ஏழையைக் காசு கொடுத்து ஒதுக்கி வைத்ததாகவே முடியும் என்பது அவருடைய கவலை. தாம் விதைத்தது சட்டமாவதைக் காண அவர் இருக்கவில்லை. 1988 பிப்ரவரியில் காலமானார்.

அதே ஆண்டு டிசம்பர் முதல் தேதி, பிரதம மந்திரி மிஷெல் ரொக்கார் காலத்தில், ஆர்.எம்.ஐ. என்று சுருக்கி வழங்கப்படும் குறைந்தபட்ச வருமானச் சட்டம், கட்சி பேதங்களைக் கடந்து ஏறக்குறைய ஏகமனதாக நிறைவேறியது. தனி நபர் ஒருவருக்கு மாதம் சுமார் 2000 பிராங்கு வரையில், அவருடைய சொந்த வருமானம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவை அரசு நிரப்பும். அதோடு, பெறுபவரும் அரசும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டு, அவர் சமூக வாழ்விலும் தொழிலிலும் மீண்டும் இணைவதற்கான வழிகளை இருவருமாகத் தேட வேண்டும். இவ்விணைப்பைத் தேசத்தின் தலையாய கடமை என்றே சட்டம் தன் முதல் ஷரத்தில் கூறியது. நடைமுறையிலோ, பெற்றவர்களில் பெரும் பகுதியினரோடு ஒப்பந்தமே எழுதப்படவில்லை. எழுதப்படாததற்குக் குற்றவாளி ஏழையல்ல. அவரோடு உட்கார்ந்து பேசப் போதிய ஊழியர்களை நியமிக்காத நிர்வாகமே. ஆயினும் அதுவரையில் வைத்தியரை அணுக இயலாதிருந்த பலருக்கு இச்சட்டத்தின் வழியாகவே மருத்துவக் காப்பீட்டின் கதவு திறந்தது என்பது சிறிய நன்மையன்று. இருபத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்கள், குழந்தையுடையோரைத் தவிர, அன்றே வெளியில் நிறுத்தப்பட்டார்கள். இன்றும் ஏறக்குறைய அப்படியே நிற்கிறார்கள். இளைஞரைத் தாய் தந்தையர் பார்த்துக்கொள்வார்கள் என்ற அனுமானம், தாய் தந்தையரால் துரத்தப்பட்ட இளைஞனுக்கு எவ்விதத்தில் ஆறுதல் தரும் என்பதை அதை எழுதியவர்கள் விளக்கியதில்லை.

2009இல் ஆர்.எம்.ஐ. நீங்கி, ஆர்.எஸ்.ஏ. என்ற புதிய திட்டம் வந்தது. முன்பு ஏழை ஒருவர் சம்பாதித்த பணம் சொற்ப காலச் சலுகைக்குப் பிறகு முழுவதுமாக உதவியிலிருந்து கழிக்கப்பட்டது. புதிய திட்டத்தில், சம்பாதித்ததில் நூற்றுக்கு 62 பங்கு அவரிடமே நிற்கும்படி ஏற்பாடாயிற்று. குறைந்த கூலிக்கு உழைப்போருக்கும் ஒரு பகுதி கிடைக்கும் என்றார்கள். கணக்கியல் ரீதியில் இதைவிட நேர்த்தியான ஏற்பாடு அரிது. ஆனால் 2011இல் அரசே நியமித்த மதிப்பீட்டுக் குழு ஆராய்ந்தபோது, உழைக்கும் ஏழைகளுக்கென்று வகுத்த அப்பகுதியைப் பெறத் தகுதியுடையோரில் நூற்றுக்கு 68 பேர் அதைக் கேட்டு வரவே இல்லை என்று தெரிந்தது! வேலையே இல்லாதோருக்கான அடிப்படைப் பகுதியிலும் மூன்றில் ஒருவர் வரவில்லை. ஏழைகள் அரசாங்கத்தை ஏய்க்கிறார்கள் என்ற பேச்சு மேடைதோறும் முழங்கிக்கொண்டிருந்த நாட்டில், அரசாங்கத்திடம் தமக்கு வர வேண்டியதை விட்டுக்கொடுத்து ஒதுங்கிய ஏழைகளின் கூட்டம் இவ்வளவு பெரிதாக இருந்தது.

ஏன் வரவில்லை? கிரெனோபிள் நகரத்தில் பிலிப் வாரென் முதலியோர் இக்கேள்விக்கென்றே ஓர் ஆய்வுக்கூடத்தை நிறுவி, அறியாமையால் வராதவர், அறிந்தும் கேளாதவர், கேட்டும் கிடைக்காதவர் என்று பகுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். நான் அப்பகுப்பைத் திருப்பிச் சொல்வதைவிட, விண்ணப்பம் செய்யும் ஒருவர் எதையெல்லாம் கடக்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். வீடில்லாதவர் முதலில் ஒரு முகவரியை ஏதேனும் தர்ம ஸ்தாபனத்திடமோ நகரசபையின் உதவி நிலையத்திடமோ பெற வேண்டும். சிநேகிதர் வீட்டில் இலவசமாகத் தங்கியிருந்தால், அவ்விலவசத்துக்கு ஒரு மதிப்புப் போட்டு, உதவித் தொகையில் அதைக் கழித்துவிடுவார்கள். உதவி தனி நபருக்கன்றிக் குடும்பத்துக்கு என்று வகுக்கப்பட்டிருப்பதால், ஒரு பெண் தன்னோடு ஒரே கூரையின்கீழ் வாழும் ஆடவன் கணவனுக்குச் சமமானவனா அல்லவா என்பதை விசாரணைக்கு வரும் அதிகாரிக்கு விளக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருமானத்தை அறிவிக்க வேண்டும். அறிவிப்புத் தவறினால் தொகை நிற்கும். தவறாகக் கணக்கிட்டு அதிகம் கொடுத்திருந்தால், பிழை காரியாலயத்தினுடையதே ஆனாலும், பிந்திய மாதங்களில் அது பிடித்தம் செய்யப்படும். அன்றன்று கிடைக்கும் கூலியில் பிழைக்கும் ஒருவர், நாளைக்குத் திருப்பித் தர நேருமோ என்று அஞ்சி, இத்தொகையைக் கேளாமலே இருப்பது மூடத்தனமா, விவேகமா என்று நீங்களே யோசியுங்கள். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, கேட்பதிலுள்ள கூச்சம் இருக்கிறது. வறுமை எவ்வளவு முற்றினாலும் மனிதர் விட மறுக்கும் கடைசி உடைமை மானம். அதை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு உள்ளே வா என்று சொல்லும் காரியாலயம், எத்தனை கோடி செலவிட்டாலும், ஒதுக்கப்பட்டவர்களைத் தானும் ஒருமுறை ஒதுக்குகிறது.

தொகையின் அளவைப் பற்றியும் ஒளிவு மறைவின்றிப் பேச வேண்டும். 2023இல் பிரான்ஸில் தனி நபரின் வறுமைக் கோடு மாதம் 1288 யூரோ. அவ்வாண்டு ஏப்ரல் முதல் ஆர்.எஸ்.ஏ. 607 யூரோவும் சில்லறையும். ஆகவே இத்திட்டம் வறுமையின் கொடுமையைத் தணிக்கிறதேயன்றி, வறுமைக் கோட்டைத் தாண்டச் செய்வதில்லை. அதே ஆண்டு அத்தேசத்தில் வறுமையில் இருந்தவர்கள் 98 லட்சம் பேர், அதாவது ஜனத்தொகையில் 15.4 சதவீதம். இதைக் காட்டித் திட்டமே வீண் என்று வாதிப்போருடன் நான் உடன்படவில்லை. பாதித் தொகையால் முழுப் பயன் விளையவில்லை என்பது, தொகையை உயர்த்துவதற்குக் காரணமாகுமேயன்றி நிறுத்துவதற்குக் காரணமாகாது.

அண்மையில் இரண்டு மாறுதல்கள் நிகழ்ந்தன. அவை ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில் இழுப்பவை. 2023 டிசம்பரில் நிறைவேறிய சட்டத்தின்படி, 2025 ஜனவரி முதல், ஆர்.எஸ்.ஏ. பெறுவோர் அனைவரும் வேலைவாய்ப்பு நிறுவனத்தில் பதிவு செய்யப்பட்டு, விலக்குப் பெற்றோர் நீங்கலாக, வாரம் குறைந்தது 15 மணி நேரம் பயிற்சி முதலிய நடவடிக்கைகளில் ஈடுபட வேண்டும். 2025 மார்ச் முதல், வருமான விவரங்களை அரசே திரட்டி, அறிவிப்புப் படிவத்தை முன்னதாக நிரப்பிக் கொடுக்கும் ஏற்பாடு நாடெங்கும் வந்தது. பின்னதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். ஆயினும் ஏற்கனவே பெறுபவரின் பாரத்தை அது குறைக்குமே தவிர, வராதவரைத் தேடிச் சென்று அழைக்காது. முன்னதைப் பற்றி என் கருத்து வேறு. மனிதர் உழைக்க விரும்புகிறார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கடைசி ஜீவனாம்சத்தை நிறுத்திவிடுவோம் என்ற அச்சுறுத்தலைப் பின்னால் வைத்துக்கொண்டு உழைப்பை விதிக்கும்போது, 1988இல் இருதரப்புக் கடமையாக எழுதப்பட்ட ஒப்பந்தம் ஒருதரப்பு நிபந்தனையாகச் சுருங்கிப் போகிறது. 1834இன் நிழல் அங்கே மறுபடியும் விழுகிறது. விரெசின்ஸ்கி நிறுவிய இயக்கத்தின் தூண்டுதலால், 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பத்துப் பிரதேசங்களில் தொடங்கிய முயற்சியோ, நீண்ட நாள் வேலையற்றவர் தாமாக முன்வந்தால் அவர் திறமைக்கேற்ற வேலையை நிரந்தரச் சம்பளத்தோடு ஊரிலேயே உண்டாக்கிக் கொடுப்பது. வேலையின் மகிமையைப் பேசுவோர், அந்த வழியை அல்லவா பெருக்க வேண்டும்?

நம் தமிழ்நாட்டுக்கு இவை அந்நியமான விஷயங்கள் அல்ல. 1962இல் தொடங்கிய முதியோர் ஓய்வூதியம் பல்லாண்டுகள், ஆதரிக்க ஆண் மகன் இருந்தால் கிடையாது என்ற விதியோடு நடந்தது. மகன் இருந்தும் சோறில்லாத கிழவிகள் எத்தனை பேர் தாலுகா அலுவலகத்துப் படியிலிருந்து திரும்பிப் போனார்கள் என்பதற்குக் கணக்குப் புத்தகம் கிடையாது. 2023 செப்டம்பரில் ஒரு கோடியே ஆறு லட்சம் மகளிருக்கு மாதம் 1000 ரூபாய் உரிமைத் தொகை வழங்கத் தொடங்கியபோதும், தகுதி உண்டா இல்லையா என்பதைப் பற்றிய மேல்முறையீடுகள் எழுந்தன. இவற்றைப் பற்றி என்னைவிட நன்கறிந்தவர்கள் நாளை பேச இருப்பதால் நான் விரிக்கவில்லை.

கட்டுரையாளர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ஒவ்வொருவரும் தாம் ஆராய்ந்த திட்டத்தில் பெற்றவர் தொகையைச் சொன்ன மாத்திரத்தில், தகுதியிருந்தும் பெறாதவர் தொகையையும், அதை எம்முறையால் கணித்தார் என்பதையும், கணிக்க ஆதாரம் கிடைக்கவில்லையானால் எந்த இலாகா அதைச் சேகரித்திருக்க வேண்டும் என்பதையும் சபைக்குத் தெரிவிக்க வேண்டும். அவற்றைத் தொகுத்து, கருத்தரங்கின் முடிவில் தீர்மானமாக அரசுக்கு அனுப்புவதற்கு உங்கள் சம்மதத்தை வேண்டுகிறேன். முதல் அமர்வின் கட்டுரையாளரை மேடைக்கு அழைத்து, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.