சுறுக்கென்ற சொல்



'ஸ்மார்ட்' என்ற ஆங்கிலச் சொல்லை அறியாதவர் இன்று இல்லை. எங்கள் பாலாவிச் சந்தியில் கைத்தொலைபேசி பார்க்க வரும் சின்னப் பையனுக்கு அது கெட்டிக்காரத்தனம். கலியாண வீட்டுக்கு உடுத்திப் புறப்படும் இளைஞனுக்கு மிடுக்கு. ஆனால், பழைய ஆங்கிலத்தில் அச்சொல் நோவைத்தான் குறித்தது. வெட்டுக்காயத்தில் உப்புநீர் பட்டால் எப்படியிருக்கும்? உப்பளத்தில் கால் வைத்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அதுதான் 'ஸ்மார்ட்'.

உறைக்கும் அடி, உறைக்கும் பதில், விறுவிறுத்த நடை என்று நகர்ந்து நகர்ந்து, 17ஆம் நூற்றாண்டளவில் அது புத்திக் கூர்மைக்கு வந்து சேர்ந்தது. வினைச்சொல்லாக வரும்போது மட்டும் பழைய நோ இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஜெர்மன் மொழியில் வலியைக் குறிக்கும் 'ஷ்மெர்ட்ஸ்' இதன் உறவுச் சொல். கல்பிட்டியில் கோட்டை கட்டினார்களே ஒல்லாந்தர், அவர்களுடைய மொழியில் 'ஸ்மார்ட்' என்றால் இன்றும் துயரம்தான்.

தமிழ் மட்டும் என்ன? முள் 'சுறுக்'கென்று குத்துகிறது. வேலைக்காரன் சுறுசுறுப்பாக இருக்கிறான். வடக்குப் பேச்சில் 'சுறுக்கா வா' என்றால் விரைந்து வா என்பது பொருள். குத்தும் நோவையும் விரைவையும் நாமும் ஒரே ஒலியில்தான் வைத்திருக்கிறோம். 1990 ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வடபகுதி முஸ்லிம்களை வெளியேற்றியபோது, யாழ்ப்பாண நகரத்தவர்க்குக் கிடைத்த அவகாசம் இரண்டே மணித்தியாலம். அன்றைக்கு அச்சொல்லின் இரண்டு பொருளும் பிரியாமலே நின்றன. வடக்கிலிருந்து அப்படி வந்தவர்கள் 70,000 பேருக்கு மேல்; பெரும்பாலோர் தங்கியது எங்கள் புத்தளம் மாவட்டத்தில். பாலாவியின் பேச்சிலே 'சுறுக்கா' கலந்ததில் அவர்களுக்கும் பங்குண்டு என்பது என் எண்ணம்.

இன்னொன்று சொல்ல வேண்டும். 'ஸ்மார்ட் மணி' என்று ஒரு தொடர் ஆங்கிலத்தில் உண்டு. விவரமறிந்தவர்கள் முதலிடும் பணம் என்று இன்றைய வர்த்தகப் பக்கங்கள் எழுதும். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதற்குப் பொருள் வேறு. காயம்பட்ட படைவீரனுக்கும் மாலுமிக்கும் கொடுத்த பணம் அது. நோவின் பெயராலேயே அதை அழைத்தார்கள்! கெட்டிக்காரர்கள் பிறகு அதையும் எடுத்துக்கொண்டார்கள்.

நம்மிடம் என்ன சொல் இருக்கிறது? 'நட்டஈடு' என்கிறோம். அது போன வீட்டை, நகையை, தோணியை எண்ணுகிற சொல். 'நிவாரணம்' என்கிறோம். பாலாவியில் 1990க்குப் பிறகு குழந்தைக்கும் தெரிந்த வடசொல் அது. நீக்குதல் என்று பொருள். எதை நீக்கியது என்று சொல் சொல்லவில்லை. இரண்டிலுமே நோவுக்கு இடமில்லை.

அந்தப் பழைய ஆங்கிலத் தொடரைத் தமிழாக்கச் சொன்னால், நான் 'நோவுப் பணம்' என்றே எழுதுவேன். அகராதிக்காரர்கள் முகம் சுளிக்கலாம். உப்பள வரம்பில் நடக்கிற எங்கள் ஆட்களுக்கு அது விளங்கும்.