நெடிய ஆட்டமும் நம் நேரமும்



இளைஞர் விரும்பி ஆடும் நிகழ்பட ஆட்டங்களுள் சில மிக நெடியவை. 2018 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’ என்னும் ஆட்டத்தில், கதையை முடிப்பதற்கே ஏறத்தாழ 50 மணி நேரம் வேண்டும். இத்துணைப் பொழுதைக் கொடுப்பது தகுமா என்னும் வினா மலையகத்துக்குப் புதியதன்று. நம் காமன் கூத்தைக் குறித்தும் அதே வினா எழுகின்றது.

நுவரெலியா, ஹட்டன் பகுதித் தோட்டங்களில் மாசி அமாவாசையை அடுத்துக் கம்பம் ஊன்றுவர். அன்று தொடங்கிக் காமதகனம் வரை பல நாட்கள் ஆட்டம் நிகழும். இறுதி நாளிலோ இரவு முழுவதும் தப்பு ஓயாது. மறுநாட் காலை பெரட்டுக்குப் போகவேண்டியவர் அக்கூட்டத்தில் அமர்ந்திருப்பவரே. அரைநாட் பேர் தவறினும் அடுப்பில் அது தெரியும். திதியை ஒட்டிய விழாவாதலின், ஞாயிறுக்கு ஒத்திவைக்கவும் இயலாது.

ஆகவே ஒரு மணி நேரமாகச் சுருக்கலாமே என்பர். மேடைக்கு அது பொருந்தலாம். தோட்டத்துக்குப் பொருந்தாது என்பதே என் கருத்து. மன்மதன் எரியப்போவதைச் சிறு பிள்ளையும் அறியும். போகவேண்டாமென்று இரதி தடுக்கிறாள், அவன் இணங்குவதில்லை, அவள் மீண்டும் தடுக்கிறாள். (இரதியாக வேடம் புனைபவர் ஓர் ஆடவர் என்பது அந்நேரத்தில் எவர் நினைவிலும் இராது.) அத்தனை நேரம் அவளுடன் விழித்திருந்தவர்க்கே தகனத்தின் பின் அவள் அழும் அழுகை தம் வீட்டு அழுகையாகின்றது. 1985 இல் பிரான்சு தேசத்து அவிஞ்ஞோன் நகரையடுத்த கல்லுடைக்கும் பள்ளமொன்றில் பீட்டர் புரூக் மகாபாரதத்தை ஏறத்தாழ 9 மணி நேர நாடகமாக நடத்தினார். அந்நெடுமையையும் மக்கள் அமர்ந்து பார்த்தனர்.

எனினும் நீளமெல்லாம் நீளமாகாது. ஒரே ஏவலைப் பலமுறை செய்வித்து மணிக்கணக்கை உயர்த்தும் நிகழ்பட ஆட்டங்கள் உண்டு. கூத்திலும் அத்தகைய ஒன்று நுழைந்துவிடுகிறது: பாட்டின் நடுவே ஒலிபெருக்கியில் அன்பளிப்புச் செய்தோர் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பது. தப்பு நின்றுவிடும்; இரதி ஒரு புறம் குளிரில் நடுங்கி நிற்பாள். அப்பெயர்களைப் பலகையில் எழுதிக் கோயில் வாசலில் வைத்தால் போதும். கூத்தில் ஓரடியும் குறையாது. கொழுந்துக்குப் போகும் பெண்களுக்கு விடியுமுன் சற்றே கண்ணயரவும் பொழுது கிடைக்கும்.