கோழிக்கூட்டின் தரையும் நம் பிள்ளைகளின் கல்வியும்



வெள்ளி விழா மேடையில் நின்று நாம் கோழிக்கூட்டைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றவுடன் இளைஞர் சிலர் புன்னகை புரிவதைக் காண்கின்றோம். புன்னகை புரியட்டும். ஆனால், இங்கே அமர்ந்திருக்கும் தாய்மார்கள் சிரிக்கவில்லை. ஏனெனில், மகன் விடுதிக்கு எடுத்துச் சென்ற தகரப் பெட்டியும், மகள் கல்லூரிக்குச் சென்ற முதல் மாதத்துப் பேருந்துச் செலவும் எந்தக் கோழியை விற்று வந்தன என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

நம் மக்களில் பெரும்பாலோர்க்கு நிலம் இல்லை. 1892-ஆம் ஆண்டு ஆணையின் வழியே நம் முன்னோர்க்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் எத்தனையோ கைமாறிப் போயின. கோழிக்கோ பட்டா வேண்டியதில்லை, பத்திரம் வேண்டியதில்லை. பிறர் வரப்பில் கால் வைக்காமல், தன் வீட்டுக் கொல்லையிலேயே ஒரு பெண் தன் பெயரில் வைத்திருக்கக்கூடிய சொத்து அது. அச்சொத்து ஒரே மழைக்காலத்தில் அழிந்து போவதைத்தான் நாம் ஆண்டுதோறும் பார்த்துக்கொண்டிருக்கின்றோம்.

எங்கள் இளமையில் ஓர் ஐப்பசி மாதம். எங்கள் தாயார் அடைவைத்துப் பொரித்த பன்னிரண்டு குஞ்சுகளில் ஒன்பது, இரத்தமாகக் கழிந்து ஒரு வாரத்தில் மாண்டன. அவை வளர்ந்தால் உயர்நிலைப் பள்ளிக்குச் சேரும்போது எங்களுக்குச் சட்டைத் துணி எடுக்கலாம் என்று அவர் எண்ணியிருந்தார். ‘கண்ணேறு பட்டுவிட்டது’ என்றனர் ஊரார். மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டோம். கூட்டின் தரையைக் கையால் தொட்டுப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தொட்டிருந்தால் அது ஈரத் துணியைப் போல் இருந்திருக்கும்.

அந்நோய்க்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி. நோயுற்ற கோழியின் எச்சத்தில் அதன் முட்டை போன்ற உறைகள் வெளிவருகின்றன. வெளிவந்தவுடன் அவற்றால் தீங்கில்லை. வெப்பமும் ஈரமும் கிடைத்தால் ஓரிரு நாட்களில் அவை முதிர்ந்து, கொத்தித் தின்னும் குஞ்சின் குடலைத் தாக்குகின்றன. நாடாப்புழு எறும்பு, வண்டு, ஈ ஆகியவற்றின் வழியே கோழிக்குள் புகுகின்றது. உருண்டைப்புழுவின் முட்டையோ ஈர மண்ணில் இரண்டு மூன்று வாரங்களில் நோய் தரும் நிலையை அடைந்து, பல மாதங்கள் காத்துக் கிடக்கின்றது. நம் மாவட்டத்தில் ஆண்டு மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வது. அம்மூன்று மாதங்களில் நம் கூட்டுத் தரை, நாமே பகைவனுக்கு விரித்துக் கொடுத்த படுக்கையாகி விடுகின்றது.

ஆகவே, எதை விரிப்பது என்பது சிறிய வினா அன்று. திருவாடானை, இராஜசிங்கமங்கலம் பக்கத்து நெல் அரைக்கும் ஆலைகளில் கிடைக்கும் உமி மிக நல்லது. அது இலேசானது, காற்றோட்டம் உடையது, விரைவில் உலர்வது. கடலை ஓடும் நல்லதே. ஆனால் பூஞ்சணம் பிடித்ததைத் தொடக்கூடாது. அப்பூஞ்சணம் குஞ்சுகளின் நுரையீரலைக் கெடுக்கும். வைக்கோலை ஓரங்குல, ஈரங்குலத் துண்டுகளாக நறுக்கி இடலாம். தச்சுப் பட்டறையில் கிடைக்கும் இழைப்புச் சுருள் ஏற்றது. நுண்ணிய மரத்தூள் ஏற்றதன்று, குஞ்சுகள் அதைத் தீனியென்று தின்றுவிடும். உச்சிப்புளி, தங்கச்சிமடம் போன்ற தென்னந்தோப்பு ஊர்களில் தென்னைநார்க் கழிவு எளிதில் கிடைக்கும். அது தன் எடையைப் போல் பல மடங்கு நீரை உறிஞ்ச வல்லது. நன்கு காயவைத்து இட்டால் நன்மை. மழையில் நனைந்தால் ஊறிய பஞ்சாகி நாட்கணக்கில் உலராது.

கடற்கரையில் வாழும் நாம் செய்யும் தவறு ஒன்றுண்டு. கைக்கெட்டிய கடல் மணலையும், கரை ஒதுங்கிய பாசியையும் அள்ளி வந்து விரிக்கின்றோம். அவற்றில் உள்ள உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பகலில் காய்ந்தது போல் தோன்றும் தரை இரவில் கசகசப்பது இதனால்தான்.

விரிப்பு இரண்டு அல்லது மூன்று அங்குல உயரம் இருக்க வேண்டும். வாரம் இருமுறை கிளறிவிட வேண்டும். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் நன்று. கொழுக்கட்டை போல் நின்றால் ஈரம் மிகுந்துவிட்டது, மாற்ற வேண்டும். மூக்கைத் துளைக்கும் நெடி எழுந்தாலும் மாற்ற வேண்டும். தண்ணீர்க் கலயத்தைச் செங்கல்லின் மீது வையுங்கள். பெரும்பாலான ஈரம் அங்கிருந்துதான் தொடங்குகின்றது. கூட்டையே தரையிலிருந்து ஓரிரண்டு அடி உயர்த்திப் பனையோலையால் மேய்ந்தால் இன்னும் சிறப்பு.

உலர்ந்த தரை மட்டும் போதுமா? போதாது. கண்ணோரத்திலும் கொண்டையிலும் கரும்புள்ளிகளாக ஒட்டிக்கொண்டிருக்கும் தெள்ளுப்பூச்சிக்கு நம் உலர்ந்த மணற்பாங்கே தாய்வீடு. அது இடும் முட்டைகள் விரிப்பில் விழுந்து அங்கேயே வளர்கின்றன. ஆகையால், தெள்ளுப்பூச்சி கண்ட கூட்டில் விரிப்பு முழுவதையும் அள்ளி எரித்துவிட்டுப் புதிதாக இட வேண்டும். பூச்சி ஒட்டிய இடத்தில் கண்ணில் படாமல் தேங்காயெண்ணெயோ வாசலைனோ தடவினால், அது மூச்சு முட்டி விழும்.

கோழி உண்ணி வேறு வகை. பகலில் அது கோழியின் மேல் இராது. சுவர் வெடிப்பிலும் மரச்சட்ட இடுக்கிலும் ஒளிந்திருந்து இரவில் வந்து இரத்தம் குடிக்கும். உணவின்றியே பல மாதங்கள் உயிர் வாழும். எனவே, இரவில் கைவிளக்குடன் சென்று பாருங்கள். வெடிப்புகளை அடைத்துச் சுண்ணாம்பு பூசுங்கள். சட்டங்களில் கொதிநீர் ஊற்றி வெயிலில் காயவையுங்கள்.

கோழிப்பேனுக்குக் கோழியே மருத்துவம் அறியும், புழுதியில் குளிக்கும். அதற்கு ஓர் இடம் அமைத்துக் கொடுப்பது நம் கடமை. சீமைக்கருவேல விறகெரித்த சாம்பல் நம் அடுப்புகளில் உண்டு. சலித்த சாம்பலையும் காய்ந்த மண்ணையும் கலந்து, மழை படாத மூலையில் ஒரு பழைய தொட்டியில் வையுங்கள். நனைந்த சாம்பல் காரமாகித் தோலை அரிக்கும். நெகிழி எரித்த சாம்பல் அறவே கூடாது.

அடைக்கோழி 21 நாட்கள் அசையாமல் அமர்கின்றது. பேனின் தலைமுறையும் ஏறத்தாழ மூன்று நான்கு வாரங்களில் முடிகின்றது. ஆகவே, பேனுள்ள கோழியை அடைவைத்தால் குஞ்சு கண் திறக்கும்போதே பேன் கூட்டம் அதன் மீது ஏறிவிடும். அடைவைக்குமுன் இறகை விலக்கிப் பாருங்கள். கூடையில் சாம்பலும் வைக்கோலும் இட்டு, வேப்பிலையோ நொச்சியிலையோ பரப்புங்கள். குஞ்சு பொரித்ததும் அவ்வைக்கோலை எரித்துவிடுங்கள். இலைகள் துணையே தவிர மருந்தல்ல. இரத்தக் கழிச்சலுக்கும் குடற்புழுவுக்கும் அரசு கால்நடை மருந்தகத்தை நாடுவதே முறை. வெள்ளைக் கழிச்சல் என்னும் இராணிக்கெட் நோய் விரிப்பால் தீர்வதன்று. அதற்குத் தடுப்பூசி ஒன்றே காப்பு.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல விரும்புகின்றோம். வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தைக் கோழியின் மீது தூவாதீர்கள். முன்பு பி.எச்.சி. தூளை அப்படித் தூவியவர்கள் நம்மிலும் உண்டு. நஞ்சென்று 1997-இல் அது தடை செய்யப்பட்டது. கோழியின் மேல் தூவிய நஞ்சு முட்டை வழியே பிள்ளையின் வயிற்றை அடையும்.

இளைஞர்களே, ‘படித்த நாங்கள் கோழி எச்சத்தை அள்ளுவதா?’ என்று நீங்கள் கேட்கலாம். அக்கேள்வியின் வலி எங்களுக்கும் தெரியும். தலைமுறை தலைமுறையாக ஊரின் அழுக்கை அள்ளும் வேலையைப் பிறப்பைக் காட்டி நம் தலையில் சுமத்தினார்கள். அது இழிவு, சுமத்தியவர்களின் இழிவு. நம் வீட்டுக் கூட்டை, நம் உடைமையைக் காக்க, நம் அறிவைக் கொண்டு நாமே தூய்மை செய்வது அதனோடு ஒப்பிடத்தக்கதன்று. அதைத் தாயின் மீதும் தங்கையின் மீதும் மட்டும் சுமத்திவிட்டு நாம் ஒதுங்கி நின்றால், பிறர் நமக்குச் செய்ததையே நாம் நம் வீட்டில் செய்தவர்களாவோம். அள்ளிய பழைய விரிப்பும் வீணாகாது. நோயில்லாத கூட்டின் விரிப்பை மக்கவைத்தால், 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் இராமநாதபுரம் முண்டு மிளகாய்ச் செடிக்கு அது நல்ல எருவாகும்.

அண்ணல் அம்பேத்கர் 1945-ஆம் ஆண்டில் பம்பாயில் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். அவ்வழியில் வந்த நாம் கல்வி என்பதைச் சான்றிதழோடு நிறுத்திக்கொள்ளலாகாது. ஒன்பது குஞ்சுகள் இறந்த அன்று எங்கள் தாயாரிடம் உழைப்பு இருந்தது, அக்கறை இருந்தது, காரணத்தைச் சொல்ல ஆள் இல்லை. இன்று ஒவ்வொரு வீட்டிலும் படித்த பிள்ளை இருக்கின்றது. இவ்விழா முடிந்து வீடு திரும்பியதும், அப்பிள்ளை முதலில் கூட்டுக்குள் கைவிட்டு ஒரு பிடி விரிப்பை எடுத்து இறுக்கிப் பார்க்கட்டும். ஈரமாக இருந்தால், நாளைக் காலை தாய் எழுவதற்கு முன் அதை மாற்றி வைக்கட்டும்.